சுழற்காற்றும் ராடாரும்

தென்றலாக வந்தால் காற்றை வரவேற்கிறோம். வாடையாக வந்தால் சன்னலைச் சாத்துகிறோம். புயலாக வருமென்று அறிவித்தால் மேட்டுநிலம் தேடிச் செல்கிறோம். ஆனால், சன்னலைச் சாத்தவும் இடம்பெயரவும் நேரம் தராமல் வருகின்ற காற்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை 'டார்னடோ' என்பர். இக்கட்டுரையில் அதனைச் 'சுழற்காற்று' என்று வழங்குவோம்.

நாகை, கடலூர்ப் பக்கத்து நண்பர்கள் நன்கறிந்த புயல் வேறு, இது வேறு. புயல் கடலில் பிறக்கிறது, பல நூறு கிலோமீட்டர் அகலம் விரிகிறது, நாட்கணக்கில் வாழ்கிறது. சுழற்காற்றோ ஓர் இடிமுகிலின் அடிவயிற்றிலிருந்து தரைவரை தொங்கும் சுழலும் தூண். அதன் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரைதான். அதன் ஆயுளும் பெரும்பாலும் சில நிமிடங்களே. ஒரு தெருவின் வலப்பக்கத்து வீடுகளைத் தரைமட்டமாக்கிவிட்டு இடப்பக்கத்து வீடுகளில் ஓட்டைக்கூட அசைக்காமல் போவதும் உண்டு.

இஃது அமெரிக்க நாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டா. 1978-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் வடதில்லியில், நாம் படிக்கும் இந்த வளாகத்தையொட்டிய மோரிஸ் நகர்ப் பகுதியில், ஒரு சுழற்காற்று இறங்கியது. சில நிமிடங்களில் கடந்தும் போயிற்று. அதற்குள் 28 பேர் உயிரிழந்தனர். பல நூறு பேர் காயமுற்றனர். மாலையில் நாம் தேநீர் அருந்திவிட்டுப் பேசிக்கொண்டே நடக்கிறோமே, அந்தச் சாலைகள்தாம் அவை.

இத்துணைச் சிறிய, இத்துணைக் குறுகிய ஆயுளுடைய ஒன்றை முன்னறிந்து சொல்வது எவ்வாறு? அதற்கு விஞ்ஞானம் கண்ட வழியே ராடார். ஆனால், ராடார் பெரும்பாலும் சுழற்காற்றை நேரே காண்பதில்லை. அதனைப் பெற்றெடுக்கும் முகிலில் தோன்றும் குறிகளையே காண்கிறது. அக்குறிகளை மனிதன் எவ்வாறு படிக்கக் கற்றுக்கொண்டான் என்பதே ஈண்டு நாம் காணப்போகும் செய்தி.

பதரே நெல்லான கதை

கிணற்றின் ஆழத்தை அறிய விரும்புபவன் ஒரு கல்லை உள்ளே போட்டுவிட்டுக் காதைக் கொடுத்து நிற்கிறான். சத்தம் வர ஆன நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடுகிறான். ராடாரும் இதையே செய்கிறது. கல்லுக்குப் பதில் நுண்ணலை. காதுக்குப் பதில் கிண்ண வடிவான ஏரியல். வினாடியின் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு நேரமே நீடிக்கும் அலைத்துடிப்பு ஒன்று ஏரியலிலிருந்து புறப்பட்டு, வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. வழியில் மழைத்துளியோ ஆலங்கட்டியோ எதிர்ப்பட்டால், அலையின் மிகச் சிறு பங்கு சிதறித் திரும்புகிறது. அவ்வெதிரொலி ஆயிரத்தில் ஒரு வினாடி கழித்து வந்து சேர்ந்தால், மழை 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று கணக்கு. ஏரியல் வட்டமிட்டுச் சுழல்வதால் திசையும் தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் பகைவர் விமானங்களைக் கண்டுபிடிக்கவே இக்கருவி வளர்க்கப்பட்டது. அப்போது திரையில் அடிக்கடி தோன்றிய மழையின் எதிரொலி ஒரு தொல்லையாகவே கருதப்பட்டது. விமானத்தைத் தேடுபவனுக்கு மழை பதர்தானே! போர் முடிந்ததும் வானிலை அறிஞர் அந்தப் பதரையே நெல்லாக அள்ளிக்கொண்டனர்.

இங்கே ஓர் இயற்பியல் நுட்பத்தை மனத்திற்கொள்ள வேண்டும். அலைநீளத்தை நோக்க மிகச் சிறிதான துளி திருப்பியனுப்பும் அலையின் வலிமை, துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் துளி ஒன்று, 1 மில்லிமீட்டர் துளியைவிட 64 மடங்கு வலிமையான எதிரொலியைத் தரும். ஆகவே, பெருந்துளிகள் உள்ள இடம் திரையில் பளிச்சிடும். நுண்துளிகள் மட்டுமே உள்ள இடம் முகிலின் நடுவிலிருந்தாலும் மங்கிக் கிடக்கும். இது பின்னர் நமக்குப் பயன்படும்.

இல்லினாயில் தெரிந்த கொக்கி

1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஷாம்பேன் நகரத்தருகே, மாநில நீர் அளவாய்வுத் துறையினர் ஒரு ராடாரை வைத்திருந்தனர். மழையளவை ராடார்கொண்டு அறியமுடியுமா என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம். சுழற்காற்றைப் பற்றிய எண்ணமே இல்லை. அன்று டொனால்டு ஸ்டாக்ஸ் என்ற மின்பொறியாளர் கருவியைச் சீர்செய்து சோதித்துக்கொண்டிருந்தார். திரையில் ஓர் இடிமுகிலின் எதிரொலி தெரிந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு விரல் நீண்டது. பின் அது வளைந்தது. தூண்டில்முள் போலச் சுருண்டது. ஸ்டாக்ஸ் படக்கருவியை இயக்கித் திரையில் தெரிந்ததை விடாது பதிவுசெய்தார்.

பின்னர் அப்படச்சுருளையும் தரையில் நேர்ந்த சேதத்தின் தடத்தையும் பொருத்திப் பார்த்தபோது உண்மை விளங்கியது. கொக்கி சுருண்ட இடத்தில்தான் சுழற்காற்று சென்றிருந்தது. 'கொக்கி எதிரொலி' என்று இன்று பாடநூல்கள் கூறும் குறி முதன்முதலில் படமாகப் பதிந்தது இவ்வாறுதான். வேலை முடிந்துவிட்டதென்று ஸ்டாக்ஸ் கருவியை நிறுத்திவிட்டுச் சென்றிருந்தால், இக்கண்டுபிடிப்பு இன்னும் எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ!

அக்கண்டுபிடிப்பு எவ்வளவு வேண்டப்பட்ட காலத்தில் வந்தது என்பதை அவ்வாண்டின் பிற நிகழ்ச்சிகள் காட்டும். மே 11-இல் டெக்சாசின் வேக்கோ நகரில் 114 பேரும், ஜூன் 8-இல் மிச்சிகனின் பிளின்ட் நகரில் 116 பேரும், மறுநாள் மாசசூசெட்சின் உஸ்டர் நகரில் 94 பேரும் சுழற்காற்றுக்குப் பலியாயினர். அந்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நெடுங்காலம், மக்கள் பீதியடைவர் என்றஞ்சி, வானிலை அறிவிப்புகளில் அச்சொல்லையே வழங்காமல் தவிர்த்துவந்தனர். 1950-க்குப் பிறகே அத்தயக்கம் நீங்கியது. சொல்லவே அஞ்சிய ஒன்றைச் சுட்டிக்காட்டும் கருவி கையில் கிடைத்தது.

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அது முதற்பயனைத் தந்தது. டெக்சாசில் ஒரு பல்கலைக்கழகத்தின் ராடாரில் கொக்கியைக் கண்ட ஸ்டூவர்ட் பிக்லர் என்பவர், பிள்ளைகளை வெளியே விடவேண்டா என்று உள்ளூர்ப் பள்ளிக்குச் செய்தி அனுப்பச் செய்தார். ராடாரை மட்டும் நம்பி விடுத்த முதற் சுழற்காற்று எச்சரிக்கை அதுவே என்பர்.

கொக்கி ஏன் தோன்றுகிறது?

குறியைக் கண்டால் போதாது. காரணத்தையும் அறிந்தால்தான் அது விஞ்ஞானமாகும். இத்துறையில் வழிகாட்டியவர் கீத் பிரௌனிங் என்ற ஆங்கிலேயர். 1959-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இங்கிலாந்தில் வோக்கிங்கம் என்ற ஊர்வழியே சென்ற ஆலங்கட்டி மழை ஒன்றைப் பல ராடார்கள் படம்பிடித்திருந்தன. அப்பதிவுகளைத் தம் ஆசிரியர் லட்லமுடன் ஆராய்ந்தபோது பிரௌனிங் நம்மைப்போல் ஒரு மாணவர்தாம். சாதாரண இடிமுகில் அரைமணி, முக்கால்மணியில் பொழிந்து ஓய்ந்துவிடும். இதுவோ தன் வடிவம் குலையாமல் நெடுநேரம் நடந்து சென்றது. இத்தகைய முகிலுக்கு அவர் 'சூப்பர்செல்' என்று பெயரிட்டார். நாம் 'பெருமுகில்' எனலாம்.

பெருமுகிலின் உயிர் அதன் நடுவே மேலெழும் காற்று. அந்தக் காற்று சுழன்றுகொண்டே எழுகிறது. சுழற்சி எங்கிருந்து வந்தது? விளக்குக்குத் திரி திரிப்பதை எண்ணிப் பாருங்கள். கீழ்க்கை நிற்க, மேற்கை நகர்ந்தால், இடையிலுள்ள பஞ்சு உருண்டு சுழல்கிறது. அவ்வாறே தரையருகே காற்று மெதுவாகவும் உயரே வேகமாகவும் வீசும்போது, இடையிலுள்ள காற்று கிடையாக உருள்கிறது. வலிய மேலெழுகாற்று அந்த உருளையைக் கீழிருந்து தூக்கி நிமிர்த்திவிட்டால், படுத்துச் சுழன்றது நின்று சுழலும். வடகோளத்தில் இது பெரும்பாலும் இடஞ்சுழியாக அமைகிறது.

இப்போது கொக்கியின் பொருள் விளங்கும். சுழலும் தூண் தன் அருகிலுள்ள மழைத்திரையை இழுத்துத் தன்னைச் சுற்றிக்கொள்கிறது. அவ்வாறு சுற்றப்பட்ட மழையே திரையில் தெரியும் கொக்கி. கொக்கியின் வளைவுக்குள்ளே மங்கலாகத் தெரியும் இடம் வெற்றிடமன்று. அங்கேதான் காற்று மிகுந்த வேகத்துடன் மேலே பாய்கிறது. அவ்வேகத்தில் துளிகள் பருப்பதற்கு நேரமில்லை. நுண்துளிகளாகவே உயரே அடித்துச் செல்லப்படுகின்றன. ஆறாம் அடுக்கு விதியை முன்பே கண்டோமன்றோ? நுண்துளி ராடாருக்குத் தென்படுவதில்லை. எனவே முகிலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஒளிமிக்க எதிரொலிகளுக்கு நடுவே கூடம்போல் கவிந்த ஓர் இருட்டறை தெரியும். ஆபத்து அதிகமான இடம் எதிரொலி குறைந்த இடமாக இருக்கிறது! படிக்கத் தெரியாதவன் அங்கே ஒன்றுமில்லை என்பான். படிக்கத் தெரிந்தவன் முதலில் அங்கேதான் பார்ப்பான்.

செக்குமாடும் டாப்ளரும்

கொக்கி ஓர் அடையாளமே. எல்லாக் கொக்கிகளும் சுழற்காற்றைத் தருவதில்லை. எல்லாச் சுழற்காற்றுக்கும் கொக்கி தெரிவதுமில்லை. காற்றின் வேகத்தையே அளக்க முடிந்தால்?

ஊருக்குச் செல்ல நாம் நிலையத்தில் காத்திருக்கும்போது, நில்லாத வண்டியொன்று ஊதிக்கொண்டே கடந்து செல்வதைக் கேட்டிருப்பீர்கள். நெருங்கும்போது ஊதல் உச்சமாகவும், கடந்ததும் சட்டெனத் தாழ்ந்தும் ஒலிக்கும். ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்தியன் டாப்ளர் 1842-இல் விளக்கிய உண்மை இது. ராடார் அலைக்கும் இது பொருந்தும். 10 சென்டிமீட்டர் அலைநீளமுடைய ராடார் வினாடிக்கு 300 கோடி முறை அதிரும் அலையை அனுப்புகிறது. மழைத்துளிகள் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில், ராடாரை நோக்கி வந்தால், திரும்பும் அலையில் 600 அதிர்வுகள் கூடுகின்றன. 300 கோடியில் வெறும் 600! அந்நுண்ணிய மாற்றத்தையும் அளக்கிறது டாப்ளர் ராடார்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. தன்னை நோக்கி வருவதையும் தன்னைவிட்டு விலகுவதையும் மட்டுமே அது அறியும். குறுக்கே செல்வதை அறியாது. அங்ஙனமாயின் சுழற்சியை எவ்வாறு அறிவது? செக்கைச் சுற்றும் மாட்டைத் தூரத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் அது நம்மை நோக்கி வருகிறது. மறுபக்கத்தில் நம்மை விட்டு விலகுகிறது. அதுபோலவே, நெருங்கும் காற்றும் விலகும் காற்றும் பக்கம்பக்கமாக ஒட்டித் தெரிந்தால் அங்கே ஏதோ சுழல்கிறது என்று கொள்ளலாம். திரையில் நெருங்குவதைப் பச்சையாகவும் விலகுவதைச் சிவப்பாகவும் காட்டுவது வழக்கம். பச்சையும் சிவப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் இடமே வானிலையாளரின் கண் தேடும் இடம்.

1958-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்தில் எல் டோராடோ என்ற ஊரைத் தாக்கிய சுழற்காற்றில், முதன்முறையாக டாப்ளர் முறையில் வேகம் அளக்கப்பட்டது. மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். அந்தக் கருவி துடிப்புகளாக அனுப்பாமல் இடைவிடாது அலையை அனுப்பியதால், வேகத்தைச் சொன்னதேயன்றித் தொலைவைச் சொல்லவில்லை.

தொலைவையும் வேகத்தையும் ஒருங்கே பெறுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இயற்பியல் மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 150 கிலோமீட்டர் வரை ஐயமறப் பார்க்கவேண்டுமானால், ஒரு துடிப்புச் சென்று திரும்பும்வரை அடுத்ததை அனுப்பலாகாது. ஆகவே வினாடிக்கு 1,000 துடிப்புகளுக்கு மேல் கூடாது. ஆனால் 10 சென்டிமீட்டர் அலையில் வினாடிக்கு 1,000 துடிப்பு அனுப்பினால், வினாடிக்கு 25 மீட்டர் வரையுள்ள வேகத்தையே ஐயமற அளக்கலாம். அதற்கு மேற்பட்ட வேகம், திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல, எதிர்த்திசை வேகமாகத் தோற்றமளிக்கும். தொலைவைக் கூட்டினால் வேகம் குறையும். வேகத்தைக் கூட்டினால் தொலைவு குறையும். துடிப்புகளின் இடைவெளியை மாற்றிமாற்றி அனுப்பியும், சுற்றுப்புற அளவுகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டும் இச்சிக்கலைத் தளர்த்துகின்றனர், முற்றிலும் அவிழ்த்துவிடவில்லை.

யூனியன் சிட்டி தந்த நிமிடங்கள்

ஒக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் 1964-இல் கடும்புயல் ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1973-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், யூனியன் சிட்டி என்ற சிற்றூரை ஒரு சுழற்காற்று தாக்கியது. அன்று இரண்டு நற்காரியங்கள் ஒருங்கே அமைந்தன. ஆய்வுக்கூடத்தின் டாப்ளர் ராடார் அம்முகிலையே நோக்கியிருந்தது. ஆய்வாளர் குழு ஒன்று களத்திற்குச் சென்று சுழற்காற்றைத் தோற்றம் முதல் மறைவு வரை படமெடுத்தது.

பின்னர் பதிவுகளை ஆராய்ந்தபோது, அடுத்தடுத்த இரு கதிர்களில் நெருங்கும் வேகமும் விலகும் வேகமும் திடீரென மாறும் ஓர் இடத்தை ராட்ஜர் பிரௌனும் தோழர்களும் கண்டனர். அந்தக் குறி முதலில் முகிலின் நடுவுயரத்தில் தோன்றியிருந்தது. சுழற்காற்று தரையைத் தொடுவதற்கு 20 நிமிடங்களுக்கு மேல் முன்பாகவே தோன்றியிருந்தது! எங்கோ ஒரு வயல்வெளியில் எவரோ கண்ணால் கண்டு தொலைபேசியில் சொன்ன பின்னரே எச்சரிக்கை விடுத்துவந்த காலத்தில், இருபது நிமிடம் என்பது பெருஞ்செல்வம்.

இக்கண்டுபிடிப்பின் பயனாய் 1990-களில் அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 160 டாப்ளர் ராடார்கள் நிறுவப்பட்டன. அதற்கு முன்னர்ச் சராசரியாக ஐந்து நிமிடமளவில் இருந்த முன்னெச்சரிக்கை, பின்னர் ஏறத்தாழ 13 நிமிடமாக உயர்ந்தது. எட்டு நிமிடத்தில் என்ன செய்யமுடியும் என்று கேட்கலாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குள் இறங்க எட்டு நிமிடம் தாராளம்.

வண்டியேறிய ராடார்

ராடாரின் கதிர் தூரம் செல்லச் செல்ல விரிகிறது. ஒரு பாகை அகலமுள்ள கதிர், 100 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1,750 மீட்டர் அகலம் ஆகிவிடும். 200 மீட்டர் அகலமுள்ள சுழற்காற்று அதற்குள் ஒரு புள்ளியாய்க் கரைந்துபோகும். ராடார் அருகில் இருந்தால்தான் நுட்பம் தெரியும். சுழற்காற்று ராடாரைத் தேடி வாராது. ராடார்தான் அதனைத் தேடிப் போகவேண்டும். இவ்வாறெண்ணிய ஜோஷுவா வுர்மன் முதலியோர் 1995 முதல் டாப்ளர் ராடாரைச் சரக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். 1999-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் ஒக்லஹோமாவின் மூர் நகரைத் தாக்கிய சுழற்காற்றில், தரைக்குச் சற்று மேலே, மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை அவர்கள் கருவி காட்டியது. நிலவுலகின் மேற்பரப்பருகே அளக்கப்பட்ட காற்று வேகங்களுள் மிக உயர்ந்தவற்றில் அஃதொன்று.

இன்னொரு முன்னேற்றமும் கூறத்தக்கது. இன்றைய ராடார்கள் கிடையாக அதிரும் அலையையும் செங்குத்தாக அதிரும் அலையையும் ஒருங்கே அனுப்புகின்றன. பெரிய மழைத்துளி நாம் படம் வரைவதுபோல் கண்ணீர்த்துளி வடிவில் விழுவதில்லை. காற்று அழுத்துவதால் தட்டையாகி, ஏறத்தாழ இட்டிலி வடிவில் விழுகிறது. ஆகவே கிடையலை வலிதாகவும் செங்குத்தலை மெலிதாகவும் திரும்புகின்றன. உருண்டுகொண்டே விழும் ஆலங்கட்டியில் இவ்வேற்றுமை குறைவு. இவ்வாறு மழையையும் ஆலங்கட்டியையும் பிரித்தறியலாம். சுழற்காற்று தூக்கியெறிந்த மரக்கிளை, கூரைத்தகடு, பலகை ஆகியவற்றுக்கோ ஓர் ஒழுங்கும் இல்லை. இரு அலைகளும் ஒன்றோடொன்று ஒவ்வாமல் திரும்புகின்றன. சுழற்சி தெரியும் இடத்திலேயே இந்த ஒவ்வாமையும் தெரிந்தால், சுழற்காற்று தரையைத் தொட்டுவிட்டது, அழிவு தொடங்கிவிட்டது என்று பொருள். எவர் கண்ணுக்கும் எட்டாத நள்ளிரவில் இச்செய்தி விலைமதிப்பற்றது. அமெரிக்கக் கட்டமைப்பு முழுவதிலும் 2013-க்குள் இவ்வசதி சேர்க்கப்பட்டது.

காணாத பகுதி

கருவியின் புகழைப் பாடியது போதும். அதன் குறையையும் கூறுவதே முறை. பூமி உருண்டை, ராடார் கதிரோ ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. அரைப் பாகை சாய்வில் அனுப்பிய கதிர், 100 கிலோமீட்டர் தொலைவில் தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது. 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது. வீடுகளும் மனிதரும் இருப்பது தரையில். கதிர் செல்வதோ முகிலின் நெஞ்சில்.

இது சிறு குறையன்று. யூனியன் சிட்டியில் குறி மேலிருந்து கீழிறங்கியதைக் கண்டு, எல்லாச் சுழற்காற்றும் அவ்வாறே இறங்கும் என்று பலர் கருதினர். ஆனால், சில வினாடிகளுக்கு ஒருமுறை முகிலை முழுவதும் அளக்கும் விரைவு ராடார்கள் வந்தபின் வேறு கதை தெரிந்தது. 2013-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் எல் ரீனோ அருகே தோன்றிய சுழற்காற்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகலமுடையது. அதனை நெருங்கிச் சென்ற ஆராய்ச்சியாளர் மூவர் உயிரிழந்தனர். அன்று திரட்டிய அளவுகளை ஆராய்ந்தவர்கள், வலிய சுழற்சி தரையருகே முதலில் தோன்றியதைக் கண்டனர். அப்படியாயின், கதிர் எட்டாத அந்தக் கீழடுக்கிலேயே பல சுழற்காற்றுகள் பிறக்கின்றன. ஒருமுறை சுற்றி முடிக்க நான்கைந்து நிமிடம் எடுக்கும் சாதாரண ராடார் அதனைத் தவறவிடுவதில் வியப்பில்லை.

மேலும், சுழலும் பெருமுகில்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே சுழற்காற்றைத் தருகிறது. மற்ற மூன்றிலிருந்து அதனை வேறுபடுத்திக் காட்டும் உறுதியான குறி இன்னும் அகப்படவில்லை. ஆகவே விடுக்கும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேற்பட்டவை பொய்த்துப்போகின்றன. பொய்த்தால் மக்கள் நம்பிக்கை இழப்பர்; சொல்லாமல் விட்டால் உயிர் இழப்பர். திரைமுன் அமர்ந்திருப்பவர் இரண்டுக்கும் நடுவே, ஓரிரு நிமிடத்தில், முடிவு செய்யவேண்டும். இச்சுமையைக் கணிப்பொறி ஓரளவு குறைக்கலாம். இன்றும் இறுதிப் பொறுப்பு மனிதனுடையதே.

நம் நாட்டு நிலை

அமெரிக்கச் சமவெளியில் ஈரக்காற்று மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வருகிறது. அதன்மேல் வறண்ட காற்று மேற்கு மேட்டுநிலத்திலிருந்து வந்து மூடுகிறது. இன்னும் உயரே வலிய மேலைக்காற்று ஓடுகிறது. நம் கிழக்கு நாட்டிலும் கோடைத் தொடக்கத்தில் இதே அமைப்பு உண்டு. வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று, சோட்டா நாகபுரி மேட்டிலிருந்து வெப்பமான வறண்ட காற்று, அவற்றுக்கு மேலே மேலைக்காற்று. வங்காளத்தில் 'கால்பைசாகி' என்று பெயர்பெற்ற கோடை இடிமழை இவ்வமைப்பிலேயே பிறக்கிறது. அவற்றுட் சில சுழற்காற்றாகவும் மாறுகின்றன. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் வங்காள தேசத்தின் சாட்டூரியா பகுதியில் ஏறத்தாழ 1,300 பேரைக் கொன்ற சுழற்காற்றே உலக வரலாற்றில் மிகக் கொடியதாகக் கருதப்படுகிறது. ஒரிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் இராஜ்கனிகா பகுதியை 2009-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் ஒன்று தாக்கியது. கூரை வேய்ந்த வீடும் நெருங்கிய குடியிருப்பும் உள்ள நாட்டில், சுழற்காற்றின் எண்ணிக்கை குறைவாயினும் உயிர்ச்சேதம் மிகுதி.

ராடாரில் நாம் பின்தங்கித் தொடங்கினோம் என்று சொல்லவியலாது. 1954-இலேயே கல்கத்தா டம்டம் விமான நிலையத்தில் புயல்காண் ராடார் ஒன்றை நம் வானிலைத் துறை நிறுவியது. அத்துறையின் முதல் டாப்ளர் ராடார் 2002-இல் நம் சென்னையில் நிறுவப்பட்டது என்பது தமிழ் மாணவர் அறிந்து மகிழவேண்டிய செய்தி. அது கடற்புயலுக்காக வைத்தது. கடற்புயலை 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் காணலாம். அது நாளெல்லாம் நின்று தன்னைக் காட்டும். சுழற்காற்றைக் காண ராடார்கள் நெருக்கமாக இருக்கவேண்டும், விரைந்து சுற்றவேண்டும், இடைவிடாது பார்க்கும் கண்ணும் வேண்டும். தில்லியிலும் பிற நகரங்களிலும் இன்று டாப்ளர் ராடார்கள் இயங்குகின்றன. ஆயினும் இவ்வளவு பரந்த நாட்டில் இரண்டு ராடார்களுக்கு இடைப்பட்ட ஊர்களே மிகுதி.

கருவி வாங்குவது அரசின் வேலை. மாணவர் செய்யக்கூடிய வேலை ஒன்றும் இல்லையா? உண்டு. ராடார் காட்டிய குறி மெய்யா பொய்யா என்பதைத் தரையில் கிடைக்கும் சான்றே தீர்மானிக்கும். எந்த மரம் எத்திசையில் சாய்ந்தது, எந்தக் கூரை எவ்வளவு தூரம் பறந்தது, ஊரார் எத்தனை மணிக்கு இரைச்சலைக் கேட்டனர் என்ற குறிப்புகளைச் சில நாட்களுக்குள் சேகரிக்காவிட்டால், மரம் விறகாகிவிடும், கூரை மறுபடியும் வேயப்பட்டுவிடும், சான்று மறைந்துவிடும். மரங்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அது நேர்க்காற்று. ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சுழலாகச் சாய்ந்திருந்தால் சுழற்காற்று. இதனை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. திசைகாட்டியும் குறிப்பேடும் ஊராரிடம் பொறுமையாகப் பேசும் நாவும் போதும். நம் நாட்டில் இத்தகைய பதிவுகள் மிகக் குறைவு. அக்குறை நீங்கினால்தான் நம் ராடார்கள் எழுதும் எழுத்தை நம் நாட்டு முகில்களுக்கு ஏற்பப் படிக்கக் கற்கலாம். ஒக்லஹோமாவில் வகுத்த இலக்கணம் மட்டும் வங்கத்து முகிலுக்குப் போதாது.

இயற்பியல், புவியியல், கணக்கு, பொறியியல் என்று பல துறைகளில் பயிலும் நண்பர்கள் நம்மிடையே உள்ளனர். கோடை விடுமுறைக்கு ஊர் திரும்புமுன் வானிலைத் துறையின் இணையத்தளத்தில் ராடார் படங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். மார்ச்சு முதல் மே வரை மாலை வேளைகளில் கல்கத்தாப் பக்கம் நோக்குங்கள். நிறங்கள் வெறும் நிறங்களாகத் தெரியாமல், எங்கே காற்று எழுகிறது, எங்கே மழை விழுகிறது, எங்கே இரண்டும் சுழல்கின்றன என்று தெரியத் தொடங்கும் நாளில், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் பெற்றவனாவேன்.